கடைசி பஸ் எத்தனை மணிக்கு? வவுனியாவுக்குப் பஸ்ஸில் வந்து படிக்கப் போகிறவர்களுக்கு

உயர்தரம் படிக்க வவுனியா நகரத்தில் பாடசாலை கிடைத்துவிட்டது, அல்லது வவுனியாப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகி, அது இருக்கிற பம்பைமடுவுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம். அடுத்த நாள் காலையிலேயே அம்மா கேட்பார், "எப்பிடிப் பிள்ளை ஒவ்வொரு நாளும் போய் வரப்போறாய்?" என் அம்மாவும் அப்படித்தான் கேட்டார். புளியங்குளத்திலிருந்து நெடுங்கேணி போகும் வீதியில் இறங்கி, உள்ளே இரண்டு கிலோமீற்றர் கிரவல் பாதையில் போனால் எங்கள் வீடு. உயர்தரத்துக்கு இரண்டு வருடம், பிறகு கம்பஸுக்கு நான்கு வருடம், மொத்தம் ஆறு வருடம் பஸ்ஸில்தான் போய் வந்தேன். புதிதாக வருகிற ஒவ்வொரு பிள்ளையும் நான் பட்ட பாட்டைத் தானும் பட்டுத்தான் இதைப் பழக வேண்டும் என்றில்லை. தெரிந்ததை எல்லாம் இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை: திரும்பி வரும் பஸ்ஸைப் பார்ப்பது

எல்லோரும் முதலில் கேட்பது காலையில் எத்தனை மணிக்கு பஸ் என்றுதான். அது எப்படியும் தெரிந்துவிடும், ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஏனென்றால் காலையில் ஆசுப்பத்திரிக்குப் போகிறவர்களும் கந்தோருக்குப் போகிறவர்களும் அதே பஸ்ஸில்தான் போகிறார்கள். நீங்கள் விசாரிக்க வேண்டியது பின்னேரம். வவுனியாவிலிருந்து உங்கள் ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, அது தவறினால் என்ன வழி, இந்த இரண்டுக்கும் விடை தெரியாமல் பாடசாலையில் சேராதீர்கள், ரியூசன் வகுப்பில் காசு கட்டாதீர்கள்.

ஏ9 வீதியைப் பெரிய வாய்க்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணம் – கொழும்பு, யாழ்ப்பாணம் – கண்டி என்று இரவிரவாக பஸ் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் புளியங்குளத்திலிருந்து நெடுங்கேணிக்கு, மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்கு, பூவரசங்குளத்திலிருந்து செட்டிக்குளத்துக்கு என்று பிரிகிற வீதிகள் எல்லாம் கிளை வாய்க்கால்கள். அங்கே முறை வைத்துத்தான் தண்ணீர் வரும், முறை தவறினால் அன்றைக்கு இல்லை. ஏ9இல் நிறைய பஸ் ஓடுகிறது, எப்படியும் போய்விடலாம் என்று நினைத்துத்தான் நான் ஒரு நாள் மாட்டிக்கொண்டேன்.

உயர்தரம் முதல் வருடம், கார்த்திகை மாதம். செய்முறை வகுப்பு இழுபட்டுவிட்டது, மழை வேறு. நேரடி நெடுங்கேணி பஸ் போய்விட்டது என்று தெரிந்ததும் யாழ்ப்பாணம் போகிற பஸ் ஒன்றில் ஏறிப் புளியங்குளம் சந்தியில் இறங்கினேன். ஆறரை மணி, நல்ல இருட்டு. அங்கிருந்து போகிற கடைசி பஸ்ஸும் பத்து நிமிடத்துக்கு முதல்தான் போனது. ஓட்டோக்கார அண்ணை ஒருவர், "தங்கச்சி, அந்த றோட்டில இப்ப யானை நிக்கும், காசு தந்தாலும் நான் வரமாட்டன்" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் பிழையில்லை. சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த ஒரு அம்மா என்னைக் கூப்பிட்டு உள்ளே வாங்கில் இருத்தி, தலையைத் துடைக்கத் துவாய் தந்து, தன்னுடைய போனிலேயே வீட்டுக்குச் சொன்னார். எட்டு மணிக்குப் பிறகு அப்பா பக்கத்து வீட்டு லான்ட்மாஸ்ரரில் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) வந்தார். மழைக்குள் அந்த எஞ்சின் சத்தம் தூரத்தில் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா ஒன்றும் பேசவில்லை, உரப்பை ஒன்றை விரித்துத் தலையில் போட்டுவிட்டார். ஆனால் அன்றிரவு வீட்டில் "இவள் இனி வவுனியாவுக்குப் போகத்தான் வேணுமோ" என்ற கதை வந்தது. ஒரு பஸ் தவறினால் ஒரு பிள்ளையின் படிப்பே கேள்விக்குறியாகிவிடும், குறிப்பாகப் பெண்பிள்ளையின் படிப்பு. அதனால்தான் இதை முதலாவதாக எழுதுகிறேன்.

ஆகவே ஒரு கொப்பி எடுங்கள். வவுனியாவிலிருந்து நேரடியாக உங்கள் ஊருக்குக் கடைசி பஸ், அதற்கு முந்திய பஸ், சந்தியிலிருந்து இணைப்பாகக் கிடைக்கிற கடைசி பஸ், மூன்றையும் எழுதுங்கள். கடைசிக்கு முந்திய பஸ்தான் உங்களுடைய பஸ். கடைசி பஸ் என்பது அது தவறினால் பிடிப்பதற்கு, அதையே தினமும் நம்பி இருக்கக்கூடாது. நேரத்தை மூன்று பேரிடம் கேளுங்கள்: பஸ் நிலையத்தில் கூட்டுக்குள் இருக்கும் நேரக்கணிப்பாளர், அந்தப் பாதையில் ஓடும் கண்டக்டர், பிறகு உங்கள் சந்தியில் கடை வைத்திருப்பவர். நேரக்கணிப்பாளர் அட்டவணையில் உள்ளதைச் சொல்வார். கண்டக்டர் இன்று ஓடுவதைச் சொல்வார். கடைக்காரர் பஸ் உண்மையில் எத்தனை மணிக்கு வந்து நிற்கிறது என்று சொல்வார், ஏனென்றால் அந்த பஸ்ஸில் வரும் ஆட்களுக்குத்தான் அவர் தேத்தண்ணி ஊற்றுகிறார். மூன்றும் பொருந்தாவிட்டால் கடைக்காரரை நம்புங்கள்.

சீசன் எடுப்பது

பாடசாலைப் பிள்ளைகள் சி.ரி.பி. பஸ்ஸுக்கு, அதாவது அரசாங்க பஸ்ஸுக்கு, சலுகைப் பருவச்சீட்டு எடுக்கலாம், எல்லோரும் சொல்வது சீசன் என்று. செலவில் ஒரு பங்கைத்தான் நீங்கள் கட்டுகிறீர்கள், மிச்சத்தை அரசாங்கம் கட்டுகிறது. ஒவ்வொரு நாளும் முழு ரிக்கெட் எடுத்துக் கட்டுப்படியாகிற வீடுகள் எங்கள் பக்கத்தில் குறைவு, ஆகவே இதை முதல் வாரத்திலேயே செய்யுங்கள். விண்ணப்பப் படிவம் சாலையில் கிடைக்கும் (சாலை என்றால் டிப்போ, பஸ்கள் இரவில் நிற்கும் இடம்), பல பாடசாலைகளில் அலுவலகத்திலேயே வைத்திருப்பார்கள். அதிபரின் உறுதிப்படுத்தல் வேண்டும். கம்பஸ் பிள்ளைகள் தங்கள் பீட அலுவலகத்தில் விசாரியுங்கள்.

படிவம் நிரப்பும்போது கவனிக்க வேண்டியது ஏறும் இடமும் இறங்கும் இடமும். புளியங்குளத்திலிருந்து வவுனியா என்று எழுதிவிட்டு நெடுங்கேணி வீதியில் உள்ளேயிருந்து ஏறினால் அந்தத் துண்டுக்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டும். வீட்டுக்குக் கிட்டிய தரிப்பிடத்தின் பெயரைக் கண்டக்டரிடம் கேட்டு, அவர்கள் ரிக்கெட்டில் போடுகிற பெயரையே எழுதுங்கள். இங்கே பல இடங்களுக்குக் கட்டைக் கணக்கில்தான் (வீதியோரத் தூரக்கல்லின் இலக்கத்தில்தான்) பெயர், கிளிநொச்சியில் 155ஆம் கட்டை மாதிரி. ஊரில் ஒரு பெயரும் பஸ்காரரிடம் வேறு பெயரும் இருக்கும்.

சீசன் தனியார் பஸ்ஸில் செல்லாது. ஆகவே சீசன் இருந்தாலும் ஒரு தடவை தனியார் பஸ்ஸில் போய்வரத் தேவையான காசு எப்போதும் பையில் இருக்கட்டும், அதைப் பென்சில் பெட்டிக்குள் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். மாதக் கடைசியில் சாலையில் சனம் கூடும், இரண்டு மூன்று நாள் முந்திப் போய்ப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். உங்கள் பாதையில் சிசு செரிய பாடசாலை பஸ் ஓடுகிறதா என்றும் கேளுங்கள், ஓடினால் நல்லது. ஆனால் அது பாடசாலை நேரத்துக்குத்தான், பின்னேர வகுப்பு முடிந்து வரும்போது உதவாது.

வீட்டிலிருந்து சந்தி வரை

வன்னியில் பஸ் பயணம் சைக்கிளில்தான் தொடங்குகிறது. உள்ளூர்ப் பாதைக்கு பஸ் வராது, வந்தாலும் ஒரு தடவைதான். சந்தி வரை சைக்கிளில் போய், தெரிந்த வீட்டிலோ கடையிலோ விட்டுவிட்டு பஸ் ஏறுவோம். தெரிந்தவர் வீடு என்றாலும் முதல் நாள் அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு போய் முறையாகக் கேளுங்கள். இரவானால் சைக்கிளை உள்ளே எடுத்து வைப்பார்கள், நீங்கள் வரவில்லை என்றால் வீட்டுக்கும் சொல்வார்கள். அந்த வீட்டுக்காரரோடு நல்லபடி இருங்கள், தைப்பொங்கலுக்கு ஒரு பொங்கல் பொதி கொண்டுபோய்க் கொடுங்கள்.

சைக்கிளுக்கு டைனமோ லைற் கட்டாயம். விடியப்புறம் ஐந்தரைக்கும் பின்னேரம் ஆறரைக்கும் கட்டாக்காலி மாடுகள் வீதியில் படுத்திருக்கும், கறுத்த மாடு என்றால் முட்டும்வரை தெரியாது. காலபோக அறுவடை முடிந்து தை, மாசியில் வீதியோரம் நெல் காயப் போட்டிருப்பார்கள், அதில் ஏற்றினால் வழுக்கும்.

யானை உள்ள பாதை என்றால் தனியாகப் போகாதீர்கள். இரண்டு மூன்று பிள்ளைகள் சேர்ந்து போங்கள், முதல் நாளிரவு யானை எந்தப் பக்கம் வந்தது என்று காலையில் வயலில் காவல் இருந்துவிட்டு வருகிறவர்களிடம் கேளுங்கள். முறிந்த மரக்கிளையும் சூடு ஆறாத இலத்தியும் கண்டால் திரும்பி வந்து பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். அன்றைக்கு முதல் பாடம் போனால் போகட்டும்.

பிறகு தண்டவாளம். வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரை ரயில் பாதை பெரும்பாலும் ஏ9க்குப் பக்கமாகவே போகிறது, அதனால் மேற்குப் பக்கக் கிராமப் பிள்ளைகள் பலர் அதைக் கடந்துதான் வீதிக்கு வர வேண்டும். சில கடவைகளில் கேற் இருக்கும், சிலவற்றில் மணியும் விளக்கும் மட்டும், சிலவற்றில் ஒன்றுமே இல்லை. இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கடவுங்கள். காதில் எதுவும் மாட்டியிருக்கக்கூடாது. பஸ் சந்தியில் ஹோர்ன் அடிக்கிற சத்தம் கேட்கும்போதுதான் பிள்ளைகள் ஓடிக் கடக்கப் பார்க்கிறார்கள். அந்த பஸ் போகட்டும், விடுங்கள்.

ஏறுவது, நிற்பது, இறங்குவது

காலை ஆறே கால் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். முன்னுக்கு இரண்டு ஆசனத்தின் மேல் மதகுருமாருக்கு ஒதுக்கப்பட்டது என்று எழுதியிருக்கும், சாரதிக்கு மேல் பிள்ளையார் படத்தில் புதுப் பூமாலை. கிளினிக் கொப்பியை மார்போடு அணைத்தபடி ஒரு ஆச்சி, சந்தைக்குப் பயிற்றங்காயும் கீரையும் கொண்டுபோகிற ஒரு அம்மா, அந்தக் கூடையிலிருந்து வடிகிற தண்ணீர், நடுவில் வெள்ளைச் சீருடையில் முப்பது நாற்பது பிள்ளைகள். கண்டக்டர் கதவடியில் நின்று "பின்னுக்குப் போங்கோ, பின்னுக்கு இடம் கிடக்கு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். உண்மையிலேயே பின்னுக்கு இடம் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் இறங்கக் கஷ்டம் என்று பயந்து கதவடியிலேயே நிற்பார்கள், அதனால்தான் நெரிசல். வவுனியா வரை போகிறவர் பின்னுக்குப் போய்விடுங்கள், அங்கே எல்லோருமே இறங்குவார்கள்.

ஏறியதும் புத்தகப் பையை முதுகிலிருந்து கழற்றி முன்னுக்குப் பிடியுங்கள், முதுகில் இருக்கும் பை நீங்கள் திரும்பும் ஒவ்வொரு தடவையும் யாரோ ஒரு குழந்தையின் முகத்தில் அடிக்கும். கொஞ்ச நேரத்தில் இருக்கிற யாராவது "பாக்கை இங்க தா பிள்ளை" என்று கையை நீட்டுவார்கள். கூச்சப்படாமல் கொடுங்கள், எங்கள் பஸ்களில் அது வழக்கம், ஒருவர் மடியில் நாலைந்து பை இருக்கும். எல்லாப் பையும் கறுப்பு நிறம்தான், ஆகவே பிடியில் ஒரு சிவப்புத் துணித்துண்டைக் கட்டிவைத்து, உள்ளே பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதிவையுங்கள். வாங்கியவர் இடையில் இறங்கினால் பையைப் பக்கத்தில் இருப்பவரிடம் மாற்றிவிடுவார், நீங்களும் அவ்வப்போது பார்வை வைத்திருங்கள். கொப்பிகளை ஒரு பொலித்தீன் உறைக்குள் போட்டுத்தான் பைக்குள் வைக்க வேண்டும். கீரைக் கூடைத் தண்ணீரிலும் ஜன்னலால் வரும் சாரலிலும் நனைந்த குறிப்புகளை நான் ஒரு தவணை முழுக்கத் திருப்பி எழுதியிருக்கிறேன்.

மிதிபலகையில் தொங்காதீர்கள். இடமில்லை என்றால் அந்த பஸ் உங்களுக்கு இல்லை. ஆண்பிள்ளைகளுக்குத்தான் சொல்கிறேன், ஏ9இல் எதிரே கொள்கலன் லொறி வரும்போது பஸ் ஓரத்துக்கு ஒதுங்கும், அந்த ஓரத்தில் மரமும் இருக்கும், மதகுக் கட்டும் இருக்கும்.

காசு விடயம். சில்லறை கொண்டுபோங்கள். ஆயிரம் ரூபாய்த் தாளைக் காலையில் நீட்டினால் கண்டக்டர் ரிக்கெட்டின் பின்பக்கத்தில் மிச்சக்காசு எவ்வளவு என்று எழுதித் தருவார், இறங்கும்போது அதைக் காட்டி வாங்க வேண்டும். அவசரத்தில் மறந்து இறங்கிவிட்டால் அந்தக் காசு போனதுதான், பஸ் நிற்காது. ரிக்கெட் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. ஒரு பொருள் தவறினாலும் முறைப்பாடு செய்வதானாலும் அந்தத் துண்டில்தான் ஆதாரம் இருக்கிறது.

இறங்குவதற்கு ஒரு தரிப்பிடம் முன்னதாகவே கதவுப் பக்கம் நகரத் தொடங்குங்கள். "அண்ணை, இறக்கம்" என்று ஒரே தடவை சத்தமாகச் சொன்னால் போதும், வாய்க்குள் முணுமுணுத்தால் அடுத்த ஹோல்ட்டில்தான் இறங்குவீர்கள். கொழும்பு, கண்டி பஸ்களில் சிங்களம் பேசுகிற கண்டக்டர் இருப்பார், அங்கே "பஹினவா" என்று சொல்லுங்கள், அவருக்கு உடனே விளங்கும். தூர பஸ்கள் சில குறுந்தூரத்துக்கு ஏற்றமாட்டா, ஏற்றினாலும் முழுத்தூரக் கட்டணம் கேட்பதுண்டு. ஏறுவதற்கு முதலே இடத்தைச் சொல்லி, நிறுத்துவாரா, எவ்வளவு என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.

நகரத்துக்குள்

வவுனியா முதலில் பார்க்கிறவர்களுக்குத் தலை சுற்றும். யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை, கண்டி, கொழும்பு எல்லாப் பக்கத்து வாகனமும் இந்த ஒரு நகரத்துக்குள் வந்துதான் பிரிகிறது. கண்டி வீதி, மன்னார் வீதி, ஹொரவப்பொத்தானை வீதி என்று அந்தந்தப் பக்கத்துப் பெயரே வீதிக்கும் பெயர், ஆகவே எந்த வீதியில் நிற்கிறீர்கள் என்று தெரிந்தால் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள் என்றும் தெரிந்துவிடும். மணிக்கூட்டுக் கோபுரத்தை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய பஸ் நிலையம், புதிய பஸ் நிலையம் என்று இரண்டு பேச்சு காதில் விழும். உங்கள் பஸ் எங்கிருந்து வெளிக்கிடுகிறது, வழியில் எங்கே நிறுத்தி ஏற்றுகிறது என்று முதல் வாரமே கண்டக்டரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள், "பஸ் ஸ்ராண்ட்" என்று மட்டும் ஒருவர் சொன்னால் எது என்று திருப்பிக் கேளுங்கள்.

ரியூசனுக்கு வைரவப்புளியங்குளம், குருமன்காடு என்று போக வேண்டி வரும். பாடசாலை ஒன்றரைக்கு முடியும், வகுப்பு இரண்டரைக்கோ மூன்றுக்கோ தொடங்கும், இடையில் சாப்பிட வேண்டும். காலையில் கட்டிய சோறு வெயிலில் பழுதாகிவிடும், சம்பலும் பாணும் அல்லது புட்டு என்றால் தாங்கும். வகுப்பைத் தெரிவு செய்யும்போது ஆசிரியரின் பெயரைப் பார்ப்பதற்கு முதல் வகுப்பு முடிகிற நேரத்தைப் பாருங்கள். நல்ல ஆசிரியர்தான், ஆனால் ஆறு மணிக்கு விடுகிறார் என்றால் உள்ளூர்ப் பிள்ளைக்குத்தான் அவர் நல்ல ஆசிரியர். நாங்கள் நெடுங்கேணிப் பக்கத்துப் பிள்ளைகள் ஏழு பேர் சேர்ந்து போய் "சேர், எங்களுக்குக் கடைசி பஸ் போயிடும், அரை மணித்தியாலம் முந்தித் தொடங்கேலுமோ?" என்று கேட்டோம். அவர் அடுத்த வாரமே மாற்றிவிட்டார். அதுவரை யாரும் கேட்கவில்லை என்றார்.

கம்பஸுக்கு வருகிறவர்கள் கவனிக்க: வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 ஆகஸ்ட் 1ஆம் திகதி தனிப் பல்கலைக்கழகமானது, அதற்கு முன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம். ஆனால் பஸ்ஸில் இன்றைக்கும் "கம்பஸ்" என்று சொன்னால்தான் சட்டென்று விளங்கும். முன்பு நகரத்துக்குள் பூங்கா வீதியிலும் வளாகம் இருந்ததால் பழைய ஆட்கள் சிலர் அங்கே வழி காட்டிவிடுவார்கள், "பம்பைமடு கம்பஸ்" என்று முழுதாகக் கேளுங்கள். மன்னார் பஸ், செட்டிக்குளம் பஸ் எல்லாம் பட்டானிச்சூர், வேப்பங்குளம் தாண்டி அந்த வழியாகத்தான் போகின்றன. வெளி மாவட்டத்திலிருந்து வருகிறவர்கள் வந்த அன்றே பெட்டியோடு காலை நெரிசலில் ஏறாதீர்கள், பத்து மணிக்குப் பிறகு பஸ் இலேசாக இருக்கும்.

கிளிநொச்சிக்கு, அறிவியல் நகருக்கு என்று போகிற பிள்ளைகளுக்கும் மேலே சொன்னதில் முக்கால்வாசி பொருந்தும். பொறியியல், விவசாய, தொழில்நுட்பப் பீடங்களும் ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவகமும் ஏ9 ஓரமாக, நகரத்துக்குத் தெற்கே இருக்கின்றன, கிளிநொச்சி நகரம் வரை போய்த் திரும்பி வராதீர்கள். அறிவியல் நகரில் ரயிலும் நிற்கும், ஆனால் எல்லா ரயிலும் நிற்காது. நகரங்களுக்கிடையேயான கடுகதியில் ஏறிவிட்டுப் பிறகு யோசிக்கக்கூடாது.

பெண்பிள்ளைகளுக்கு

நெரிசலைச் சாட்டாக வைத்துக்கொண்டு உரசுகிறவர்கள் எல்லாப் பாதையிலும் இருக்கிறார்கள். அது உங்கள் பிழை இல்லை. முதல் தடவையே "தள்ளி நில்லுங்கோ" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லுங்கள், அந்த ஒரு குரலுக்கு முன் ஆசனத்திலிருக்கும் அம்மாமார் திரும்பிப் பார்ப்பார்கள், உரசியவர் தானாகவே அடுத்த ஹோல்ட்டில் இறங்கிவிடுவார். நான் முதல் ஆறு மாதம் வாய் திறக்கவில்லை. ஒரு நாள் ஒரு ஆசிரியை அக்கா எனக்காகச் சத்தம் போட்டார், அதற்குப் பிறகுதான் எனக்குக் குரல் வந்தது. நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து வேறொரு பிள்ளை நெளிவதைக் கண்டால் "இங்க வந்து நில்லம்மா" என்று கூப்பிடுங்கள், அது போதும். கண்டக்டரிடம் சொல்லி அவர் கண்டுகொள்ளாவிட்டால் பஸ் இலக்கத்தையும் நேரத்தையும் குறித்துவையுங்கள். பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின் கீழ் குற்றம். பொலிஸ் 119, பெண்கள் உதவிக்கு 1938, பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 1929. மூன்று இலக்கத்தையும் போனில் மட்டும் வைக்காமல் கொப்பி அட்டையின் உள்பக்கத்திலும் எழுதுங்கள், பின்னேரத்தில் போனில் சார்ஜ் இருக்காது.

மழை, போயா, திருவிழா

ஐப்பசி தொடங்கி மார்கழி, தை வரை எங்கள் மழைக்காலம். அந்த மாதங்களில் குளங்கள் வான் பாயும், சிறிய பாலங்களுக்கு மேலால் தண்ணீர் போகும், பஸ் சுற்றிப் போகும் அல்லது வராது. வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது தெளிவாக இருந்த பாதை பின்னேரம் மூடியிருக்கலாம். ஆகவே மழைக்காலத்துக்கென்று நகரத்தில் ஒரு இரவு தங்கக்கூடிய வீடு ஒன்றை, சொந்தக்காரரோ கூடப்படிக்கிற பிள்ளையின் வீடோ, ஐப்பசிக்கு முதலே பேசி வையுங்கள், இரண்டு வீட்டு அம்மாமாரும் ஒருவரோடு ஒருவர் கதைத்திருக்க வேண்டும். தண்ணீர் ஓடுகிற பாலத்தை யாரோடும் நடந்து கடக்காதீர்கள்.

போயா நாளிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பஸ் குறைவு, ஆனால் ரியூசன் அன்றைக்குத்தான் கூட. கிழமை நாளின் கடைசி பஸ் ஞாயிறு ஓடுகிறதா என்று தனியாக விசாரியுங்கள். ஜூலை 2ஆம் திகதியும் ஆகஸ்ட் 15ஆம் திகதியும் மடு மாதா கோயில் திருவிழா, அந்த நாட்களை ஒட்டி மன்னார் வீதி பஸ்களில் கால் வைக்க இடம் இருக்காது, பம்பைமடுப் பிள்ளைகள் ஒரு மணித்தியாலம் முந்தி வெளிக்கிடுங்கள். வைகாசியில் முல்லைத்தீவுப் பக்கம் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு விசேட சேவை என்று பஸ்கள் அந்தப் பக்கம் போய்விடும், அந்தத் திங்கட்கிழமை உங்கள் வழமையான பஸ் வராமல் இருக்கலாம். பணிப்புறக்கணிப்பு, கர்த்தால் என்றால் முதல் நாளிரவே செய்தி கேளுங்கள்.

ஒரு நாள் ஒத்திகை

பாடசாலை தொடங்குவதற்கு முதல் ஒரு நாள் வீட்டுக்காரர் ஒருவரோடு முழுப் பயணத்தையும் போய்ப் பாருங்கள், சைக்கிள் விடும் வீட்டிலிருந்து வகுப்பறைக் கதவு வரை, பிறகு கடைசிக்கு முந்திய பஸ்ஸில் திரும்பி. எத்தனை நிமிடம் எங்கே போகிறது என்று எழுதுங்கள். எங்கள் வீட்டிலிருந்து வவுனியாவில் வகுப்பறை வரை எனக்கு ஒன்றே முக்கால் மணித்தியாலம், அதில் பஸ் ஓடுகிற நேரம் ஒரு மணித்தியாலம்தான், மிச்சம் சைக்கிளும் நிற்பதும் நடப்பதும். அந்த மிச்சத்தைக் கணக்கில் எடுக்காததால்தான் முதல் மாதம் ஒவ்வொரு நாளும் பிந்தினேன். வகுப்பாசிரியரிடம் எந்த ஊரிலிருந்து, எந்த பஸ்ஸில் வருகிறீர்கள் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், பஸ் பழுதாகிப் பிந்தும் நாளில் அவர் புரிந்துகொள்வார்.

பஸ்ஸே போதாது என்றால்

பஸ் நேரம் மாறாது என்று இருந்துவிடாதீர்கள். எங்கள் ஊரில் பெரியவர்கள் பேசும்போது ஏ9 பாதை மூடியிருந்த கதை வரும், 2006 ஆகஸ்டில் மூடியது, அதற்குப் பிறகு யாழ்ப்பாண பஸ்ஸைக் காண வருடக்கணக்கில் காத்திருந்தோம் என்பார்கள். அவ்வளவு காத்திருந்த சனத்துக்கு, பின்னேரம் அரை மணித்தியாலம் பிந்தி ஒரு பஸ் விடுங்கள் என்று கேட்பதற்கு எந்தத் தயக்கமும் தேவையில்லை.

கேட்கிற முறை இதுதான். இரண்டு கிழமைக்கு ஒவ்வொரு நாளும் பின்னேரம் எத்தனை பிள்ளைகள் பஸ் இல்லாமல் நின்றார்கள், பஸ் எத்தனை மணிக்கு வந்தது, ஏற்றாமல் போனதா என்று திகதி போட்டு எழுதுங்கள். சும்மா "பஸ் பிரச்சினை" என்று எழுதினால் யாரும் பார்க்கமாட்டார்கள், "இன்ன திகதி, இன்ன சந்தியில், 23 பிள்ளைகள்" என்று எழுதினால் பார்ப்பார்கள். அதிபரிடமும் பெற்றோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். சி.ரி.பி. பஸ் என்றால் சாலை முகாமையாளருக்கு, மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ் என்றால் வடமாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபைக்கு, இரண்டுக்கும் பிரதி பிரதேச செயலாளருக்கு. மாகாணம் கடந்து ஓடும் தனியார் பஸ் ஏற்றாமல் போனால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955க்கு அழைத்து பஸ் இலக்கத்தோடு சொல்லுங்கள். கடிதத்தைத் தபாலில் போடாமல் யாராவது பெரியவரோடு நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தித் தரும்வரை அங்கேயே நில்லுங்கள், பிறகு மூன்று கிழமை கழித்து அந்தப் பிரதியைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பப் போய்க் கேளுங்கள்.